டிராக்டருக்கு ஒரு சாட்சி போதாது

உழவு, விதைப்பு, களையெடுப்பு, மருந்தடிப்பு முதலிய வேலைகளுக்கு யந்திர வண்டிகளின் உபயோகம் ஆண்டுதோறும் பெருகி வருகின்றது. அவ்வண்டிகளுள் சில, ஓட்டுபவர் ஸ்டீயரிங்கைத் தொடாமலே சால் தவறாமல் நேர்கோட்டில் செல்ல வல்லவை. மேனாட்டுப் பெரும்பண்ணைகளில் இவை சாதாரணமாகிவிட்டன. இந்நாட்டிலும் தலைகாட்டத் தொடங்கியிருக்கின்றன. மருந்து தெளிக்கும் ட்ரோன்களோ கிராமங்களுக்குள்ளேயே வந்துவிட்டன. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 15,000-க்கு ட்ரோன் வழங்கும் திட்டத்துக்கு 2023-ஆம் ஆண்டு நவம்பரில் மத்திய அரசாங்கம் இசைவளித்தது.

இத்தகைய யந்திரங்களை வாங்கவோ வாடகைக்கு அமர்த்தவோ எண்ணுகிறவர்கள் குதிரைச் சக்தியையும் விலையையும் டீசல் செலவையும் நுணுகி விசாரிக்கின்றனர். ஆனால் அவ்வண்டி தான் நிற்கும் இடத்தை எவ்வாறு அறிந்துகொள்கின்றது என்ற ஒரு கேள்வியை மாத்திரம் கேட்பதில்லை. "செயற்கைக்கோள் சொல்லுகிறது" என்ற விடையுடன் திருப்தியடைந்து விடுகின்றனர். அவ்விடை போதாது. செயற்கைக்கோள் ஒன்றையே நம்பி ஓடும் வண்டி, ஒற்றைச் சாட்சியின் பேரில் முடிவுசெய்யப்பட்ட வழக்கைப் போன்றது. தன்மையில் வேறுபட்ட பல உணர்கருவிகளின் சாட்சியங்களை ஒன்றுசேர்த்துச் சீர்தூக்கும் வண்டியே குடியானவர்களின் நம்பிக்கைக்கு உரியது.

2024 மே மாதத்து அனுபவம்

2024-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் தேதி, சூரியனிடமிருந்து வெளிப்பட்ட மின்துகள்களின் பெரும்புயல் பூமியின் காந்த மண்டலத்தைத் தாக்கிற்று. 2003-ஆம் ஆண்டு அக்டோபருக்குப் பின்னர் அவ்வளவு கடுமையான புயல் நேர்ந்ததில்லை. துருவப் பிரதேசங்களில் மட்டும் காணப்படும் வானொளி, லடாக்கிலுள்ள ஹான்லேயிலும் செந்நிறமாகத் தெரிந்தது. உலகத்தார் அதைக் கண்டு அதிசயித்தனர். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பிரதேசத்து விவசாயிகளுக்கோ அது வேதனையாய் முடிந்தது.

அங்கு அது மக்காச்சோளம் விதைப்பதற்குரிய மும்முரமான பருவம். அப்பிரதேசத்துப் பண்ணைகளில் விதைப்புக் கருவியை இழுக்கும் டிராக்டர்கள் பெரும்பாலும் செயற்கைக்கோள் குறிகளைக் கொண்டு சென்டிமீட்டர் சுத்தமாக வழி பிடிப்பவை. புயலின்போது அக்குறிகள் கலங்கின. பல டிராக்டர்கள் இடமறியாமல் நின்றன. வேறு சில நிற்காமலே கோட்டைவிட்டு விலகின. விதைப்பை நிறுத்தினவர்களுக்கு நல்ல ஈரமுள்ள நாட்களில் சில மணி நேரம் நஷ்டமாயிற்று. நிறுத்தாதவர்களுக்கு நேரக்கூடிய நஷ்டம் அதனினும் பெரிது. விதைத்த கோட்டை யந்திரம் தன் நினைவில் பதித்துக்கொண்டு, பின்னர் மேலுரம் இடவும் களையெடுக்கவும் அதே கோட்டின் வழியே செல்கின்றது. பதித்த கோடு ஓரிடத்திலும் முளைத்த பயிர் வேறிடத்திலும் இருந்தால், களைக்கொத்து பயிரின் வேரையே அறுக்கும். விதைக்கும் நாளில் கண்ணுக்குப் புலப்படாத பிழை, களையெடுக்கும் நாளில் மகசூலைத் தின்றுவிடும் என்பது இதனால் விளங்கும்.

செயற்கைக்கோள் சாட்சியின் பலமும் பலவீனமும்

ஜி.பி.எஸ். என்னும் அமெரிக்க ஏற்பாட்டின் செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேல் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவருகின்றன. ஒவ்வொன்றும் தன் நேரத்தை ஓயாமல் அறிவிக்கின்றது. அவ்வறிவிப்பு வந்து சேர எடுத்துக்கொண்ட காலத்தைக் கொண்டு வண்டியிலுள்ள வாங்கி தூரத்தைக் கணக்கிடுகின்றது. ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூரத்தில் 300 மீட்டர் பிசகும். இடத்தையும் உயரத்தையும் வாங்கியின் கடிகாரப் பிழையையும் சேர்த்து அறிய வேண்டியிருப்பதால், குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் கண்ணில் பட வேண்டும்.

சாதாரணக் கைபேசி திறந்த வெளியில் ஏறக்குறைய 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லும். இது ஊருக்கு வழிகேட்கப் போதும்; சாலுக்கும் வரிசைக்கும் போதாது. ஆகையால், இடம் துல்லியமாக அளந்து நிறுத்தப்பட்ட ஒரு தரைநிலையத்திலிருந்து திருத்தக் கணக்கை வானொலி மூலமாகவோ இணையத்தின் மூலமாகவோ வண்டிக்கு அனுப்பி, பிழையைச் சில சென்டிமீட்டர்களாகக் குறைக்கின்றனர். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 1990-களில் இம்முறையை டிராக்டரில் அமைத்து, ஆள் திருப்பாமலே அது வரிசை பிடித்துச் செல்வதைக் காட்டினர். இந்திய சர்வே இலாகாவும் இத்தகைய நிலையங்களை நாடெங்கும் நிறுவியிருக்கின்றது.

எனினும் இச்சாட்சிக்குச் சில இயற்கைக் குறைகள் உண்டு. தென்னந்தோப்பின் நிழலில் குறிகள் மங்கும். தகரக் கொட்டகையின் மீதும் ஆலைச் சுவரின் மீதும் மோதித் திரும்பும் குறிகள் நீண்ட வழியில் வந்து, தூரத்தை மிகைப்படுத்திக் காட்டும். திருத்தக் கணக்கை ஏந்தி வரும் தொடர்பு அறுந்தால், சென்டிமீட்டர் சுத்தம் விரைவில் குலைந்துபோகும்.

இவற்றினும் கவனிக்கத்தக்கது ஒன்று. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடியை ஒட்டிச் செல்கின்றது. 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் தேதி இந்நாட்டின் முதல் ஆராய்ச்சி ராக்கெட் கிளம்பிய தும்பா என்னும் கடற்கரைக் கிராமம் தெரிந்தெடுக்கப்பட்டதும் இக்காரணம் பற்றியே. இக்கோட்டை அடுத்த பிரதேசங்களில், சூரியன் அஸ்தமித்த பின்னர் மேல்வானத்து மின்மண்டலத்தில் குமிழிகள் போன்ற வெற்றிடங்கள் எழும்புவதுண்டு. அவற்றினூடே வரும் செயற்கைக்கோள் குறிகள் விளக்குச் சுடர் காற்றில் நடுங்குவது போல் நடுங்கும். சில வேளை வாங்கியின் பிடியினின்று நழுவியும் போகும். சூரியனில் கரும்புள்ளிகள் மிகும் ஆண்டுகளிலும், இரவும் பகலும் சமமாகும் மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டியும் இது அதிகமாகக் காணப்படுகின்றது. காவிரிப் பாசனப் பகுதியில் சம்பா சாகுபடிக்காக உழவும் நடவும் நடப்பது செப்டம்பர், அக்டோபர் மாதங்களில். தண்ணீர் வந்த அவசரத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு இரவிலும் டிராக்டர் ஓட்டும் காலம் அது. அமெரிக்க விவசாயிக்கு இருபதாண்டுகளுக்கு ஒருமுறை நேரும் இடையூறு, தென்னிந்திய விவசாயிக்குச் சிறிய அளவிலேனும் அடிக்கடி நேரக்கூடியது. ஆகவே, மேனாட்டு வயலில் சோதித்த யந்திரம் அவ்வாறே இங்கும் நடக்கும் என்று கொள்ளுதல் தவறு.

தவிரவும், செயற்கைக்கோள் சொல்லும் இடம் வண்டியின் கூரைமேலுள்ள வாங்கியின் இடமேயன்றி, கலப்பையின் இடம் அன்று. வாங்கி தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோர், ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கி வண்டி 5 டிகிரி சாய்ந்தால் என்னவாகும் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். வாங்கி பக்கவாட்டில் 26 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். சென்டிமீட்டர் பிழைகூட இல்லாத செயற்கைக்கோள் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டே யந்திரம் ஒரு சாணுக்கு மேல் தவறிப்போகும். சாய்வை அளக்கும் வேறொரு கருவி இல்லாதவரை இப்பிழை தீராது.

மற்றச் சாட்சிகள்

அத்தகைய கருவிகளுள் முதலாவது, வண்டியின் வேக மாறுதலையும் திரும்புதலையும் சாய்வையும் உள்ளிருந்தே அறியும் ஜடத்துவ உணர்கருவி. இது வானத்தையும் பார்ப்பதில்லை, பூமியையும் பார்ப்பதில்லை. இருட்டும் மேகமும் மரநிழலும் இதற்கு ஒன்றே. விநாடிக்கு நூறு தடவைக்கு மேலும் தன் கணக்கைச் சொல்லும். ஆனால் இதன் சிறு பிழை வட்டிக்கு வட்டி ஏறுவதுபோல் வளர்வது. புவியீர்ப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு இக்கருவி பிசகினால், 10 விநாடியில் அரை மீட்டரும் 60 விநாடியில் 18 மீட்டரும் இடம் தவறிவிடும். ஆகவே இது சிறிது நேரத்துக்கு மிக நல்ல சாட்சி, நெடுநேரத்துக்கு உதவாது.

இரண்டாவது, சக்கரத்தின் சுற்றுக்களை எண்ணும் கருவி. மாட்டு வண்டியின் சக்கரச் சுற்றை எண்ணித் தூரம் சொல்லும் யுக்தியே இது. உலர்ந்த தரையில் இதன் சொல் மெய். சேற்றிலோ சக்கரம் வழுக்குகின்றது. ஒரு சுற்றுக்கு 5 மீட்டர் செல்லும் சக்கரம் நூறு சுற்றுச் சுற்றினால் 500 மீட்டர் என்று கருவி கூறும். ஐந்தில் ஒரு பங்கு வழுக்கலானால் வண்டி உண்மையில் சென்றது 400 மீட்டரே. டயரின் காற்றுக் குறைந்தாலும் தேய்ந்தாலும் கணக்கு மாறும்.

மூன்றாவது, காமிரா. பயிர் வரிசையையோ முன் உழுத சாலையோ நேரிற் கண்டு சொல்வதால், கோடு எங்கே என்று கணக்கிடுவதற்குப் பதில் பயிர் எங்கே என்றே இது சொல்லுகின்றது. புழுதியும் இருட்டும் கண்ணாடியில் தெறித்த சேறும் இதன் சத்துருக்கள். விதைக்கு முன் பார்ப்பதற்கு வரிசையும் இராது. நான்காவதான காந்த ஊசி திசை சொல்லும். எனினும் டிராக்டரின் இரும்பே அதைத் திசை திருப்பக்கூடும். ட்ரோன்களில் இவற்றோடு, காற்றழுத்தத்தால் உயரத்தை மதிப்பிடும் கருவியும், பயிருக்கு மேல் எவ்வளவு உயரம் என்று ரேடாரினால் அளக்கும் கருவியும் சேர்வதுண்டு.

இக்கருவிகளுள் குற்றமற்றது ஒன்றுமில்லை என்பதே இதுவரை கூறியவற்றின் சாரம். ஆயினும் ஒன்றின் குற்றம் மற்றொன்றினிடம் இல்லை. மரநிழலில் செயற்கைக்கோள் தடுமாறுகையில் ஜடத்துவக் கருவி தடுமாறுவதில்லை. நேரஞ்சென்று ஜடத்துவக் கருவி தவறும்போது செயற்கைக்கோள் அதைத் திருத்துகின்றது. சக்கரம் வழுக்கினால் மற்ற இரண்டும் அதைக் காட்டிக்கொடுக்கின்றன. ஏர் பிடித்த உழவனும் இவ்வாறே செய்தான். எதிர்வரப்பிலுள்ள பனைமரத்தைக் கண்ணால் குறிவைத்தான். மேழியின் அதிர்வைக் கையால் உணர்ந்தான். மண்ணின் இளக்கத்தைக் காலால் அறிந்தான். மாடு இழுக்கும் பக்கத்தையும் கவனித்தான். இவற்றுள் ஒன்றை மட்டும் நம்பினவன் சால் கோணிற்று.

சாட்சியங்களைச் சீர்தூக்கும் முறை

பல கருவிகள் பல விதமாகச் சொன்னால் எதை ஏற்பது? இதற்கு 1960-ஆம் ஆண்டில் ருடால்ஃப் கால்மன் என்னும் அறிஞர் ஒரு கணித முறையை வெளியிட்டார். சந்திர மண்டலத்துக்குச் சென்ற அப்பல்லோ விண்கலங்கள் தம் இடத்தை அறிந்துகொண்டது இம்முறையைக் கொண்டே. இன்று டிராக்டரிலும் ட்ரோனிலும் கைபேசியிலும் இதுவும் இதன் வழிவந்த முறைகளுமே இயங்குகின்றன. இதன் கருத்து எளியது. வண்டி அடுத்த நொடியில் எங்கே இருக்கும் என்று முதலில் மதிப்பிடுதல். பிறகு கருவிகள் சொல்வதை அம்மதிப்புடன் ஒப்பிடுதல். எது எவ்வளவு நம்பத்தக்கதோ அவ்வளவு எடை அதற்குக் கொடுத்துத் திருத்துதல். இவ்வளவே.

ஓர் உதாரணம் கூறலாம். வரப்பிலிருந்து வண்டி 10 மீட்டரில் இருப்பதாகச் செயற்கைக்கோள் சொல்லுகின்றது. அதன் வழக்கமான பிழை 2 மீட்டர். சக்கரக் கணக்கு 12 மீட்டர் என்கின்றது. அதன் பிழை 1 மீட்டர். பிழை பாதியானால் எடை நான்கு மடங்கு என்பது கணித விதி. அதன்படி விடை 11.6 மீட்டர், அவ்விடையின் பிழையோ 0.9 மீட்டர். இரண்டு சாட்சிகளுள் சிறந்ததன் பிழையைவிடவும் இது குறைவு. தாழ்ந்த சாட்சியும் உயர்ந்த சாட்சிக்கு உதவுகின்றது என்பது வியப்பானாலும் உண்மை.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. சாட்சிகள் ஒருவரையொருவர் சாராதவராக இருத்தல் வேண்டும். ஒரே வீட்டார் நால்வர் சேர்ந்து ஒரே பொய்யைச் சொன்னால் அது நான்கு சாட்சியாகாது. "அமெரிக்கச் செயற்கைக்கோளோடு ருஷ்ய, ஐரோப்பிய, சீனச் செயற்கைக்கோள்களையும் எங்கள் கருவி பார்க்கின்றது" என்று விற்பனையாளர் கூறுவதுண்டு. மரநிழலில் அது உதவும், மறுப்பதற்கில்லை. ஆனால் மின்மண்டலம் கலங்கினால் எல்லார் குறிகளும் அதனூடேதான் வரவேண்டும். இந்தியாவின் சொந்த ஏற்பாடான நாவிக்கின் முதற்கோள் 2013-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி ஏவப்பட்டது. அதில் ஒன்று பழுதானால் மற்றொன்று உதவும் என்று மூன்று அணுக் கடிகாரங்கள் வைக்கப்பட்டிருந்தன. மூன்றும் ஒரே வகையின, மூன்றும் பழுதாயின. எண்ணிக்கை பெருகுவதால் மட்டும் பாதுகாப்பு வருவதில்லை; வகை வேறுபட வேண்டும்.

இக்கொள்கை சர்வே வேலையை அறிந்தவர்களுக்குப் புதிதன்று. 1802-ஆம் ஆண்டு சென்னையை அடுத்த பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளந்து, முக்கோண அளவையை ஆரம்பித்தார். முக்கோணத்தின் இரு கோணங்கள் தெரிந்தால் மூன்றாவதைக் கணக்கினாலேயே அறியலாம். இருந்தும் மூன்றையும் நேரில் அளப்பது அவ்வேலையின் நெறி. கூட்டினால் சரிவருகின்றதா என்று பார்ப்பதற்கே அது. வெயிலில் சங்கிலி நீள்வதைக் கணக்கிட வெப்பமானியும் வைக்கப்பட்டது. 1804-ஆம் ஆண்டு பெங்களூரில் மற்றோர் அடிக்கோடு அளந்து முன்னைக் கணக்கைச் சரிபார்த்தார். கருவியை மதித்தவர்கள் அதைச் சந்தேகிக்கவும் அறிந்திருந்தனர்.

ஆட்சேபங்களும் சமாதானமும்

இந்தியாவில் ஒரு சாகுபடியாளரின் சராசரி நிலம், 2015-16-ஆம் ஆண்டு விவசாயக் கணக்கெடுப்பின்படி, 1.08 ஹெக்டேர். இவ்வளவு சிறிய நிலத்துக்கு இத்தனை கருவிகள் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. தனியொருவர் தம் இரண்டு ஏக்கருக்காக இவற்றை வாங்குவது வீண்செலவு. ஆனால் வாடகை நிலையத்தின் மூலமோ உழவர் குழுவின் மூலமோ வரும் யந்திரம் நூறு வயல்களில் ஓடுவது. அதன் பிழை நூறு குடும்பங்களின் பிழை. 3 மீட்டர் அகலமுள்ள விதைப்புக் கருவி ஒவ்வொரு நடையிலும் 30 சென்டிமீட்டர் மேற்படிந்து சென்றால், விதையிலும் உரத்திலும் டீசலிலும் பத்தில் ஒரு பங்கு பாழாகும். விலகிச் சென்றால் அந்த அளவு நிலம் தரிசாகும்.

வேறு சிலர், பழகிய ஓட்டுநரின் கண்ணுக்கு நிகரேது என்பர். அதுவும் உண்மையே. அக்கண்ணும் ஒரு சாட்சி. அதை நீக்கிவிடும் யந்திரத்தைவிட, அதையும் சேர்த்துக்கொள்ளும் யந்திரமே மேல். 2024-ஆம் ஆண்டுப் புயல் போல் மணிக்கணக்கில் நீடிக்கும் இடையூற்றில் ஜடத்துவக் கருவி தாங்காது. அப்போது வண்டியை ஓட்டி முடிக்கவல்லது மனிதக் கண்ணும், பக்கத்தில் கோடு கிழிக்கும் இரும்புக் கையுமே. பல கருவிகளைச் சேர்ப்பதன் தலையாய பயன் துல்லியம் என்று பலரும் எண்ணுகின்றனர். அதற்கு நிகரான பயன் ஒன்று உண்டு: சாட்சிகள் முரண்படும்போது, "இடம் ஐயத்துக்குரியது, நிறுத்துக" என்று யந்திரம் தானே அறிவித்தல். ஒற்றைச் சாட்சியுள்ள வண்டியோ பெரும்பாலும் தவறிப்போவதை அறியாமலே தவறிப்போகும்.

செய்யத்தக்கவை

வாங்குவோரும் வாடகைக்கு அமர்த்துவோரும் ஐந்து விஷயங்களை விசாரித்தல் நலம். செயற்கைக்கோள் நீங்கலாக வண்டியில் வேறு எவ்வகை உணர்கருவிகள் உள்ளன? சாய்வுக்குத் திருத்தம் உண்டா? திருத்தக் கணக்கு எந்த நிலையத்திலிருந்து வருகின்றது, அது அறுந்தால் எத்தனை விநாடி சுத்தம் நிற்கும்? ஐயம் நேர்ந்தால் எச்சரிக்கை ஒலிக்குமா, வண்டி தானே நிற்குமா? தென்னந்தோப்பு ஓரத்திலும், சேற்று வயலிலும், அஸ்தமனத்துக்குப் பிந்திய இரண்டு மணி நேரத்திலும் ஓட்டிக் காட்டுவார்களா? இக்கடைசிக் கேள்விக்கு வயலில் விடை பெறாமல் பணம் கொடுத்தல் தகாது. சோதிக்கும் முறையும் கடினமன்று. ஒரே கோட்டில் இருமுறை ஓட்டி, இரு தடங்களின் இடைவெளியை அளநாடாவால் அளந்தால் யந்திரத்தின் மெய் தெரிந்துவிடும்.

பொது யந்திரங்களை வாங்கும் இலாகாக்களும் சங்கங்களும் டெண்டர் நிபந்தனைகளில், வகையால் வேறுபட்ட இரண்டு உணர்கருவிகளேனும் இருக்க வேண்டுமென்றும், இந்நாட்டு வயலில் சோதனை நடத்தவேண்டுமென்றும் சேர்ப்பது அவசியம். குறைந்த விலை ஒன்றையே நோக்கி வாங்கின யந்திரம் கொட்டகையில் துருப்பிடிப்பதைப் பல ஊர்கள் கண்டிருக்கின்றன.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. எல்லைத் தகராறுகளில் கைபேசியின் புள்ளியைக் காட்டி வாதிடுவோர் வரக்கூடும். 100 மீட்டர் நீளமுள்ள எல்லையில் 5 மீட்டர் பிசகினால் 500 சதுர மீட்டர், அதாவது 12 சென்ட் நிலம் கைமாறிவிடும். டிராக்டரின் திரையில் தெரியும் கோடும் உழவுக்குரிய கோடேயன்றி உரிமைக்குரிய கோடு அன்று. புலப்படமும் நாட்டிய கல்லும் முறையான அளவையும் சேர்ந்து பேசவேண்டிய இடத்தில், ஒற்றைக் கருவியின் சொல்லை ஏற்பது வழக்கை வளர்ப்பதாகும்.

புதிய யந்திரங்களை வெறுத்தொதுக்குவதும் கண்மூடி நம்புவதும் ஒன்றுபோல் நஷ்டத்தையே தரும். ஒரு கை தட்டினால் ஓசை எழாது என்பர். வானத்துக் கோளும், வண்டிக்குள்ளிருக்கும் கருவியும், சக்கரமும், காமிராவும், ஓட்டுபவரின் கண்ணும் ஒன்றையொன்று திருத்திக்கொண்டு செல்லும் யந்திரத்துக்கே வயலைத் திறந்துவிடுதல் விவேகமாகும்.